சாவி கொடுத்தும் ஓடாத கிராமபோன்: அறிகுறி பார்த்து மோட்டாரைச் சரிசெய்யும் முறை

பழைய கிராமபோனைப் பழுது பார்க்கக் கொடுத்தால் முதலில் வரும் தீர்ப்பு பெரும்பாலும் 'ஸ்பிரிங் போய்விட்டது' என்பதுதான். புது ஸ்பிரிங் போட்ட பிறகும் அதே கோளாறுடன் வீடு திரும்பிய பெட்டிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங் உடைந்திருந்தால் அதற்கென்று தெளிவான அறிகுறி உண்டு. அது இல்லாதபோது கோளாறு இறுகிய கிரீஸிலோ, காய்ந்த எண்ணெயிலோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரிலோதான் இருக்கும். ஆகவே திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் மோட்டாரைக் காது கொடுத்துக் கேளுங்கள். கைப்பிடியைச் சுற்றும்போது கைக்கு என்ன தெரிகிறது என்று கவனியுங்கள்.

இங்கே நான் மனத்தில் வைத்துச் சொல்வது 78 சுற்று இசைத்தட்டுகளை ஓட்டும் கைப்பெட்டி வகை. 1931-இல் வந்த ஹெச்.எம்.வி. 102-ஐயும் அதையொத்த பெட்டிகளையும் இந்தியாவில் இன்றும் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரே ஸ்பிரிங் கொண்ட மோட்டார்கள் இவை. மேசை மேல் வைக்கும் பெரிய பெட்டிகளில் ஸ்பிரிங்குகளின் எண்ணிக்கை கூடும். வேலை செய்யும் விதம் அதேதான்.

விசை போகும் வழியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கைப்பிடியைச் சுற்றும்போது ஒரு வட்ட டப்பாவுக்குள் இருக்கும் நீண்ட எஃகுப் பட்டை நடு அச்சைச் சுற்றி இறுகுகிறது. அது விரியப் பார்க்கும்போது டப்பா சுழல்கிறது. டப்பாவின் விளிம்புப் பற்கள் இடைச் சக்கரத்தையும், அது இசைத்தட்டு உட்காரும் சுழல்தட்டின் அச்சையும், அந்த அச்சு கவர்னரையும் சுற்றுகின்றன. கவர்னர் என்பது மெல்லிய தகட்டு ஸ்பிரிங்குகளில் மூன்று எடைக் குண்டுகள் கட்டிய சிறு அச்சு. வேகம் ஏறினால் குண்டுகள் வெளிப்பக்கம் விரியும். அப்போது அச்சிலுள்ள வட்டத்தகடு நகர்ந்து ஒரு கம்பளித் துண்டில் உரசும், வேகம் தணியும். 1896-இல் அமெரிக்காவின் கேம்டனில் எல்டிரிட்ஜ் ஜான்சன், எமில் பெர்லினரின் கிராமபோனுக்கு ஸ்பிரிங் மோட்டார் செய்து கொடுத்தார். அதுவரை அந்தக் கருவியைக் கேட்பவரே கையால் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பாட்டின் வேகம் அவர் கையின் நிதானத்தைப் பொறுத்தது.

ஸ்பிரிங் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே தள்ளும். மிச்சத்தை விழுங்குவது கவர்னர். பட்டை பாதி விரிந்த பிறகும் வேகம் மாறாமல் இருப்பதற்கு அந்த மிச்சம்தான் காரணம். எனவே எந்தக் கோளாறு வந்தாலும் தள்ளும் விசை குறைந்திருக்கிறதா, நடுவில் உராய்வு கூடியிருக்கிறதா, கவர்னர் பிடி தளர்ந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

தொடுவதற்கு முன்

சாவி கொடுத்த நிலையில் கவர்னரைக் கழற்றவே கூடாது. இதைவிட முக்கியமான எச்சரிக்கை இந்த வேலையில் இல்லை. கவர்னர் விலகிய கணத்தில் ஸ்பிரிங்கின் முழு விசையும் தடையின்றி அவிழும். சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்று பற்களைச் சிதைத்துக்கொள்ளும். இடையில் விரல் இருந்தால் விரலும் போகும். முதலில் பிரேக்கை எடுத்துவிட்டுத் தட்டைத் தானாக ஓடி நிற்க விடுங்கள். நின்ற பிறகும் சிறிது விசை மிஞ்சியிருக்கும். தட்டைக் கையால் அதே திசையில் சுற்றி, இழுவை அற்றுத் தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

மோட்டார் சாவி கொடுத்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தால் அவசரப்படாதீர்கள். கவர்னரின் இரு முனைகளிலும் தட்டின் அச்சிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். பல பெட்டிகள் அதிலேயே நகர்ந்துவிடும். அப்படியும் அசையாவிட்டால் கைப்பிடி வழியாக விசையை இறக்க வேண்டும். ஒருவர் தடித்த கையுறையோடு கைப்பிடியை இறுகப் பற்றிச் சற்று முன்னோக்கி அழுத்த, மற்றவர் கைப்பிடி பின்னால் திரும்பாமல் தடுக்கும் ராட்செட் கொண்டியைத் தூக்கிப் பிடிக்க, அரை அரைச் சுற்றாகப் பின்னால் விட வேண்டும். கை நழுவினால் கைப்பிடி மணிக்கட்டை உடைக்கும் வேகத்தில் திரும்பும். தனியாகச் செய்யத் துணியாதீர்கள்.

கைப்பிடி சுற்றுகிறது, இறுகவே இல்லை

ஒரேயடியாக லேசாகச் சுற்றினால் முதலில் கைப்பிடியையே சந்தேகியுங்கள். அதன் முனையிலுள்ள மரை தேய்ந்து, உள் அச்சைப் பற்றாமல் சும்மா சுற்றும். வெளியே எடுத்து மரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உள் அச்சும் சேர்ந்து சுற்றியும் எதிர்ப்பு வரவில்லை என்றால் அப்போது ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசலாம். சாவி கொடுக்கும்போதோ, யாரும் தொடாமல் பெட்டி சும்மா இருந்தபோதோ உள்ளே 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டிருந்தால் பட்டை உடைந்தது உறுதி. சில சுற்றுகள் இறுகி, பிறகு 'டக்' என்று விட்டுப்போய், மீண்டும் சில சுற்றுகள் இறுகி விட்டுப்போகிறது என்றால் பட்டை முழுதாகத்தான் இருக்கிறது. அதன் ஒரு முனை கொக்கியில் நிற்கவில்லை. உள்முனைத் துளை நடு அச்சின் கொக்கியை விட்டு விலகியிருக்கும், அல்லது வெளிமுனைத் துளை கிழிந்து டப்பாச் சுவரின் தறையாணியில் பிடிப்பின்றி நழுவும்.

உள்முனை விலகியதற்குப் புது ஸ்பிரிங் தேவையில்லை. உருண்டை மூக்குக் குறடால் உள்சுற்றைச் சற்று நெருக்கி வளைத்தால் அது அச்சைத் தழுவிக்கொள்ளும். துளை கிழிந்திருந்தாலும், முனைக்கு அருகிலேயே உடைந்திருந்தாலும் அந்தச் சிறு பகுதியை வெட்டிவிடலாம். புதிய முனையை மட்டும் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டால் எஃகு மிருதுவாகும். பிறகு துளை போடலாம். மூன்று நான்கு மீட்டர் பட்டையில் சில சென்டிமீட்டர் குறைவதால் ஓடும் நேரத்தில் வித்தியாசம் தெரியாது. சூடு முனையைத் தாண்டிப் பரவக் கூடாது. பரவிய இடமெல்லாம் ஸ்பிரிங் குணத்தை இழந்துவிடும். நடுவில் உடைந்த பட்டைக்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பட்டையின் அகலம், தடிமன், நீளம், டப்பாவின் உள்விட்டம் ஆகிய நான்கையும் அளந்து, இரு முனைகளின் துளை வடிவத்தையும் குறித்துக்கொண்டு கேளுங்கள். பெட்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது சரிப்படாது. ஒரே பெயரில் வந்த பெட்டிகளிலேயே வெவ்வேறு மோட்டார்கள் உண்டு.

கைப்பிடி எதிர்த்துத் திரும்புகிறது

சுற்றிவிட்டுக் கையை எடுத்ததும் கைப்பிடி பின்னால் உதைத்தால் ராட்செட் பல் தேய்ந்திருக்கும் அல்லது கொண்டியை அழுத்தும் சிறு ஸ்பிரிங் உடைந்திருக்கும். சில மோட்டார்களில் கொண்டி கிடையாது. அச்சைச் சுற்றி இறுகப் பற்றும் ஒரு சிறு சுருள்தான் பின்வாங்காமல் தடுக்கிறது. சாவி கொடுக்கும்போது 'கிளிக்' சத்தமே வராத பெட்டிகள் பல இவ்வகைதான். அந்தச் சுருளில் தடித்த கிரீஸ் புகுந்தால் பிடி வழுக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மிக லேசாக எண்ணெய் தடவினால் போதும். இந்தக் கோளாறு தீரும்வரை பெட்டியைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவி முழுதாகக் கொடுத்தாயிற்று, தட்டு நகரவில்லை

பிரேக்கைப் பாருங்கள், பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பைப் பாருங்கள். கேட்கச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் நெம்பு குறைந்த வேகத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தால் கம்பளித் துண்டு வட்டத்தகட்டை முழுதாக அழுத்திப் பிடித்துவிடும். நெம்பை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, தட்டை எடுத்துவிட்டு மோட்டார் பலகையைத் தூக்கிச் சாய்த்து, கவர்னரை ஒரு தீக்குச்சியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தள்ளினால் ஓரிரு சுற்று ஓடி நிற்கிறது என்றால் அச்சு முனைகளில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது. பல வருடம் ஓடாமல் கிடந்த பெட்டிகளில் இன்னொன்றையும் காணலாம்: கம்பளித் துண்டில் ஊறிய பழைய எண்ணெய் பசையாகி, துண்டு வட்டத்தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர்த்தால் தகட்டின் மேல் பழுப்பு நிறத்தில் கம்பளியின் இழைகள் அச்சாகப் பதிந்திருப்பது தெரியும். அந்தக் கறை முழுவதும் போகும்வரை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். கம்பளித் துண்டு கல்லாகிவிட்டிருந்தால் புதிதாக வெட்டி வையுங்கள்.

வீட்டில் இருக்கிறதென்று தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ விடாதீர்கள். தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பிசினாகும். மேலே சொன்ன பசையில் பாதி அப்படிச் சேர்ந்ததுதான். துரு நீக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்க்கு மாற்றாகாது. அழுக்கை இளக்கிவிட்டு அதுவும் ஆவியாகிவிடும், உலோகம் உலர்ந்து நிற்கும்.

குச்சியால் தள்ளியும் சிறிதும் அசையவில்லை என்றால் பற்களுக்கிடையே ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது ஒரு பல் உடைந்து குறுக்கே கிடக்கிறது. நெம்பித் தள்ளாதீர்கள். விசையை இறக்கிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள்.

பாட்டின் நடுவே 'தொம்' என்று இடிக்கிறது

இந்தச் சத்தம் கேட்டுத்தான் ஸ்பிரிங் போய்விட்டது என்று பலரும் பயப்படுகிறார்கள். போகவில்லை. டப்பாவுக்குள் இருக்கும் கிராஃபைட் கிரீஸ் காலப்போக்கில் எண்ணெய்ப் பசை இழந்து, வெயிலில் உருகி மீண்டும் இறுகிய தார் போலாகிவிடுகிறது. பட்டையின் சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி விரிய வேண்டும். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விசை சேரும்வரை பொறுத்து, பிறகு மொத்தமாக விடுபடுகின்றன. அந்த விடுபடல்தான் இடியாகக் கேட்கிறது. அதே கணத்தில் பாட்டும் ஒரு குதி குதிக்கும். கவர்னர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை முழுதாகச் சமாளிக்க முடியாது.

வெளியிலிருந்து எண்ணெய் விட்டு இதைச் சரிசெய்ய முடியாது. டப்பாவைத் திறக்கத்தான் வேண்டும். உங்கள் கைக்கு இது புதிது என்றால் அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தோல் கையுறையும் கட்டாயம்.

விசை முழுவதும் இறங்கிய பின்னும், மூடியை எடுத்தவுடன் நீங்கள் பார்க்கும் பட்டை சும்மா கிடப்பதாக நினைக்காதீர்கள். டப்பாச் சுவர்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. திறப்பதற்கு முன் சுற்றின் திசை தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடு அச்சைக் கொக்கியிலிருந்து விடுவித்து எடுத்த பிறகு, டப்பாவை ஒரு தடித்த சாக்குக்குள் வைத்து, ஒரு கையால் பட்டையின் மேற்புறத்தை அழுத்திக்கொண்டு, உள்முனையைக் குறடால் பற்றி ஒரு சுற்றை மட்டும் வெளியே இழுங்கள். அது நின்ற பிறகு அடுத்த சுற்று. கடைசி இரண்டு மூன்று சுற்றுகள் தாமே வெளியே துள்ளும். அப்போது முகம் தள்ளியே இருக்க வேண்டும்.

பட்டையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் முனையிலிருந்து முனைவரை துடையுங்கள். துடைக்கும்போது விரல் நுனிக்கு நிறையத் தெரியும். துருப்பிடித்த இடம் சொரசொரக்கும். விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் துணியின் நூல் அதில் மாட்டும். லேசான துருவை நுண்ணிய எஃகு நாரால் தேய்க்கலாம். வெடிப்பு கண்ட பட்டையைத் திரும்பப் போட வேண்டாம். முழுதாக வெளியே வந்த பட்டை எந்த அளவு விரிந்து கிடக்கிறது என்றும் பாருங்கள். நல்ல பட்டை அகலமாக விரிந்து தரையை அடைத்துக்கொள்ளும். டப்பாவுக்குள் இருந்த அதே இறுக்கத்தோடு சுருண்டு கிடந்தால் அதன் வலு போய்விட்டது.

பிறகு கிரீஸ். வாகனக் கடைகளில் கிடைக்கும் லித்தியம் கிரீஸில் கிராஃபைட் தூள் கலந்து, பட்டையின் இருபுறமும் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். டப்பாவை நிரப்பினால் அது பல்சக்கரங்கள் வழியே கவர்னர் வரை தெறிக்கும். வாசலினில் கிராஃபைட் கலப்பது பழைய வழக்கம். நம் கோடை வெயிலில் அது இளகி இறங்கிவிடும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

திரும்பப் போடும்போது வெளிமுனைத் துளையை முதலில் தறையாணியில் மாட்டி, டப்பாவைத் திருப்பிக்கொண்டே ஒவ்வொரு சுற்றாக உள்ளே அழுத்துங்கள். படத்தோடு திசையை ஒப்பிடுங்கள். திசை மாறினால் கைப்பிடி எவ்வளவு சுற்றினாலும் கொக்கி பற்றாது.

கடைசிச் சரணத்தில் தளர்கிறது

பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். முழுச் சாவியில் அந்த ஒரு பக்கத்தைக்கூடச் சீராக ஓட்ட முடியாவிட்டால், ஊசியை இறக்காமல் தட்டை மட்டும் அதே மூன்று நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். ஊசி இல்லாதபோது நன்றாக ஓடுகிறது, ஊசி வைத்தால் இழுக்கிறது என்றால் மோட்டாரிடம் மிச்ச விசை குறைவு, அல்லது மேலே உராய்வு அதிகம். எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஊசியைப் பிடித்துச் சத்தம் எழுப்பும் சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் கை தன் மூட்டில் தடையின்றித் திரும்புகிறதா என்றும் பாருங்கள். வேறு ஒரு நல்ல இசைத்தட்டைப் போட்டும் சோதியுங்கள். சத்தமாகப் பதிவான தட்டுகளும் தேய்ந்து சொரசொரத்த தட்டுகளும் ஊசியை அதிகம் இழுக்கும்.

ஊசி இல்லாமலும் தளர்ந்தால் எண்ணெயிடுவதுதான் முதல் வேலை. இடைச் சக்கரத்தின் அச்சு முனைகளை மறந்துவிடுவார்கள். தட்டு அச்சின் அடியில் பெரும்பாலான மோட்டார்களில் ஒரு சிறு எஃகுக் குண்டு இருக்கும். முழு எடையும் அதன் மேல்தான் நிற்கிறது. அச்சை உருவும்போது அது உருண்டு காணாமல் போகும், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் தளர்ந்தால் வலுவிழந்த பட்டையை மாற்றலாம்.

பாட்டு அலைகிறது

நீண்ட ஸ்வரம் ஒன்று நிற்காமல் மேலும் கீழும் ஆடினால், ஆட்டம் தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வருகிறதா என்று கவனியுங்கள். அப்படி வந்தால் இசைத்தட்டின் நடுத்துளை மையம் விலகியிருக்கலாம். வேறு தட்டு போட்டால் தெரிந்துவிடும். எல்லாத் தட்டுகளிலும் அதே ஆட்டம் என்றால் அச்சு வளைந்திருக்கிறது.

ஆட்டம் அதைவிட வேகமாக, நடுக்கமாக வந்தால் கவர்னர். விசையை இறக்கிவிட்டு அதன் மூன்று தகட்டு ஸ்பிரிங்குகளையும் பக்கவாட்டில் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ குண்டுகள் சமமாக விரியாது. ஒன்றை மட்டும் மாற்றாமல் மூன்றையும் ஒரே தடிமனில் மாற்றுவது நல்லது. அச்சு முனைகளைத் தாங்கும் புஷ்களில் கவர்னர் நீளவாக்கில் மயிரிழை அளவு அசைய வேண்டும். அசையவே இல்லையென்றால் இறுக்கம், 'கடகட' என்று ஆடினால் தளர்வு. பல மோட்டார்களில் இந்தப் புஷ் மையம் விலகியதாகச் செய்யப்பட்டிருக்கும். அதைத் திருப்பினால் கவர்னரின் பற்கள் நெருங்கும் அல்லது விலகும். திருப்பும் முன் பழைய நிலையை ஒரு கீறலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கிறீச்சென்ற சத்தம் மட்டும் வந்தால் கம்பளித் துண்டு உலர்ந்திருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய்.

கட்டுக்கடங்காமல் ஓடுகிறது

தட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து மெல்ல நிறுத்திப் பிரேக் போடுங்கள். கம்பளித் துண்டு விழுந்திருக்கும், அல்லது வேக நெம்பின் திருகு தளர்ந்திருக்கும். கவர்னரின் பற்கள் அச்சை விட்டு விலகியிருந்தால் வேகம் பயங்கரமாக ஏறும். அந்த மோட்டாருக்கு மறுபடி சாவி கொடுத்துச் சோதிக்காதீர்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில மோட்டார்களில் கவர்னரைத் தாங்கும் பகுதிகள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அந்தக் கலவையில் அசுத்தம் இருந்தால் பல ஆண்டுகளில் உள்ளிருந்தே உப்பி, வெடித்து, விரலால் அழுத்தினால் உதிரும். சாம்பல் நிறப் பாகத்தில் வலைபோல வெடிப்புகள் கண்டால் திருகை முடுக்காதீர்கள், கையோடு வந்துவிடும். அதை ஒட்டவோ பற்றவைக்கவோ முடியாது. பித்தளையில் கடைந்து செய்துகொள்ள வேண்டும், அல்லது அதே வகை மோட்டார் ஒன்றைத் தேடிப் பாகம் எடுக்க வேண்டும். பளபளக்கும் பித்தளைக் குழலோடு புதிதாகச் செய்த மரப்பெட்டிகளில் விற்கப்படும் 'பழைய' கிராமபோன்களுக்குள் பெரும்பாலும் கைப்பெட்டிகளிலிருந்து கழற்றிய மோட்டார்தான் இருக்கிறது. அவற்றை வாங்குகிறவர்கள் குழலைப் பார்ப்பதற்கு முன் பலகையைத் தூக்கிக் கவர்னரைப் பார்க்க வேண்டும்.

வேகத்தைச் சரிபார்ப்பது

இசைத்தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசி ஓடும்போதே 15 வினாடிக்கு எண்ணுங்கள். 19 சுற்றும் அரையும் வந்தால் நிமிடத்துக்கு 78. நம் 50 சுழற்சி மின்சாரத்துக்கு 77 கோடுகள் அச்சிட்ட அட்டையான ஸ்ட்ரோப் வட்டத்தைத் தட்டின் மேல் வைத்துப் பயன்படுத்தினால் இன்னும் துல்லியம். சரியான வேகத்தில் கோடுகள் நின்றுவிட்டது போலத் தெரியும். இதற்குப் பழைய சோக் வைத்த டியூப் லைட் வேண்டும், எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் கோடுகள் தெளிவாகத் தெரியாது.

82, 83-க்கு ஏறினால் பாடகரின் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை கூடிவிடும். தம்புராவை ஒட்டிப் பாடிப் பார்ப்பவர்களுக்கு உடனே தெரியும். 1920-களின் நடுப்பகுதிக்கு முந்தைய தட்டுகளில் 78 என்பது கறாராக இல்லை, 80-இல் பதிவானவையும் உண்டு. அவற்றுக்கு நெம்பை உங்கள் காது சொல்லும் இடத்தில் வையுங்கள்.

பாட்டின் தொடக்கத்தில் ஒருமுறை, கடைசி அரை நிமிடத்தில் ஒருமுறை எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மோட்டார் சரி. முடிவில் மட்டும் அரைச் சுற்று குறைந்தால் மீண்டும் உராய்வைத் தேடத் தொடங்குங்கள். தட்டு அச்சின் அடிக்குண்டிலிருந்து ஆரம்பிப்பது என் வழக்கம்.